பிசிஷியன் அசிஸ்டென்ட் படிக்கப் போகிற தங்கச்சிக்கு

சீட் உறுதியாகிவிட்டது, ஃபீஸும் கட்டியாகிவிட்டது. கல்லூரி திறக்கச் சில வாரங்கள் இருக்கின்றன, அதற்குள் என்ன படித்து வைக்கட்டும் அக்கா என்று கேட்டிருந்தாய். பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் சேருகிற தம்பி தங்கைகள் எல்லோரும் என்னிடம் கேட்பது இதைத்தான். எல்லோருக்கும் நான் சொல்வதும் ஒன்றுதான். புத்தகத்தை அப்புறம் எடுக்கலாம், முதலில் தடுப்பூசி போட்டுக்கொள்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 3 டோஸ். முதல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. வார்டுக்குள் போன பிறகு ஆரம்பித்தால், பாதுகாப்பு முழுமையாக வருவதற்குள் ரத்தமும் ஊசியும் உன் கைக்கு வந்துவிடும். சின்ன வயதில் போட்ட தடுப்பூசி அட்டை வீட்டில் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டு எடு. மூன்று டோஸும் போட்டு முடித்தால் ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டி ஹெச்பிஎஸ் ரத்தப் பரிசோதனை செய்துகொள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நிம்மதி. குறைவாக வந்தால் மறுபடி போட வேண்டியிருக்கலாம், டாக்டர் சொல்வார். அப்படியே இன்னொன்றையும் அம்மாவிடம் கேள்: உனக்குச் சின்னம்மை வந்திருக்கிறதா? வரவில்லை என்றால் அதற்கும் 2 டோஸ் தடுப்பூசி இருக்கிறது. பெரியவர்களுக்கு வரும் சின்னம்மை குழந்தைகளுக்கு வருவதைவிடக் கடுமையாக இருக்கும். வார்டில் உன்னிடமிருந்து ஒரு கர்ப்பிணிக்கோ கீமோ எடுக்கும் நோயாளிக்கோ அது போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டாய் என்பதையும் பார்த்துக்கொள். எல்லாத் தேதியையும் ஒரே காகிதத்தில் எழுதி, சான்றிதழ் ஃபைலிலேயே வைத்துவிடு.

சான்றிதழ் என்றதும் ஞாபகம் வருகிறது. மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்று, இருந்தால் முதல் பட்டதாரிச் சான்று என எல்லாவற்றையும் ஒரிஜினலை ஒப்படைப்பதற்கு முன் ஸ்கேன் செய்து மெயிலில் போட்டு வை. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கு. நீ ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உனக்கு வர வேண்டும். தம்பிகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். கல்லூரியில் அதற்கான பொறுப்பாசிரியர் யார் என்று முதல் வாரமே விசாரித்துவிடு. பேங்க் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் பார்த்து வை.

எந்த வேலைக்குப் போகிறாய்

சொந்தக்காரர்கள் கேட்பார்கள்: "இது டாக்டரா, நர்ஸா?" இரண்டும் இல்லை என்று தெளிவாகச் சொல்லப் பழகு. டாக்டரின் மேற்பார்வையில் நோயாளியை விசாரிப்பது, பரிசோதித்துக் குறிப்பெழுதுவது, ரவுண்ட்ஸுக்கு எல்லா ரிப்போர்ட்டையும் தயாராக வைப்பது, தியேட்டரிலும் கேத் லேபிலும் கூட நிற்பது, ஐசியூவில் மாற்றங்களைக் கவனித்து உடனே சொல்வது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது, வீட்டுக்காரர்களுக்குப் புரியும்படி விளக்குவது எல்லாம் நம் வேலை. நான் இருக்கிற இதய அறுவை சிகிச்சைப் பிரிவை எடுத்துக்கொண்டால், பைபாஸ் ஆபரேஷனுக்கு வேண்டிய ரத்தநாளத்தைக் காலிலிருந்து எடுத்துக் கொடுக்கிற வேலையைப் பல ஆஸ்பத்திரிகளில் பிசிஷியன் அசிஸ்டென்ட்டுகளே செய்கிறார்கள்.

இந்தப் படிப்பு 1965இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்கள். டாக்டர் போதவில்லை, ஆனால் போர்க்களத்தில் உயிரைக் காப்பாற்றிய அனுபவம் உள்ளவர்கள் வேலை இல்லாமல் இருக்கிறார்கள், அவர்களை முறையாகப் பயிற்றுவித்தால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்த படிப்பு இது. இந்தியாவுக்கு அது வந்தது 1992இல், நம் சென்னையில், மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில். கொண்டுவந்தவர் இதய அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் கே.எம். செரியன். 1975இல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்தவர் அவர். யாராவது "இதெல்லாம் ஒரு படிப்பா?" என்று கேட்டால், உன் படிப்பு எங்கே, எதற்காக வந்தது என்று சொல்ல உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு இருக்காதே. நீட் எழுதி எம்பிபிஎஸ் கிடைக்காமல் இங்கே வருகிறவர்கள் நிறையப் பேர். அந்த வலி உண்மையானது. அழவேண்டும் என்றால் கல்லூரி திறப்பதற்குள் அழுதுவிடு. அடுத்த வருஷமும் நீட் எழுதப் போகிறாயா இல்லையா என்பதை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து இப்போதே முடிவு செய். பகலில் வார்டு, ராத்திரியில் நீட் என்று முதல் வருஷத்தை ஓட்டுகிறவர்களுக்கு இரண்டும் கைநழுவுவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எழுதுவதானால் முழு மூச்சாக எழுது. இங்கே வந்தால் முழு மனதாக வா.

காது பழகட்டும்

இந்த வேலையில் யாரும் பிரித்துச் சொல்லித்தராத, ஆனால் எல்லோரும் எதிர்பார்க்கிற திறமை ஒன்று உண்டு. நோயாளி சொல்வதைக் கடைசிவரை கேட்பதுதான் அது. நம் ஊரில் நெஞ்சுவலியோடு வருகிறவர் "நெஞ்சு வலிக்கிறது" என்று சொல்ல மாட்டார். "வாயு பிடிச்சிருக்கு", "நெஞ்சைப் பிசையுது", "மேல் வயிறு திம்முனு இருக்கு", "இடது தோள் கடுக்குது, தூக்கத்துல சுளுக்கிடுச்சு போல" என்பார். வீட்டில் ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் வருவார். அவர் "வாயு" என்று சொன்னதையே நீயும் "வாயு" என்று எழுதிவிட்டால் ஒரு மாரடைப்பு தாமதமாகும். மாரடைப்பாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் ஆஸ்பத்திரிக்குள் வந்த 10 நிமிஷத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. சுகர் உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும், பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் வியர்வையும் மூச்சுவாங்கலும் அசதியுமாகவே மாரடைப்பு வரலாம்.

அதனால் இந்த வாரங்களில் நீ செய்ய வேண்டிய பயிற்சி வீட்டிலேயே இருக்கிறது. ஆச்சியிடம் போய் உட்கார். முட்டிவலியைப் பற்றிக் கேள். எப்போது ஆரம்பித்தது, எந்த இடம், எப்படிப்பட்ட வலி, குத்துகிறதா கடுக்கிறதா எரிகிறதா, வேறு எங்காவது பரவுகிறதா, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, எந்த நேரத்தில் அதிகம், ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, இதனால் என்ன வேலை செய்ய முடியாமல் போகிறது என்று வரிசையாகக் கேள். நடுவில் குறுக்கிடாதே. ஆச்சி மருமகள் கதைக்குப் போனால் போகட்டும், அந்தக் கதைக்குள்தான் "போன மாசம் கல்யாண வீட்டுல படியில வழுக்கினேன்" என்ற வரி இருக்கும். கேட்டு முடித்ததும் அதை ஐந்தே வரியில் ஆங்கிலத்தில் எழுதிப் பார். முதலில் முதன்மைப் பிரச்சினையும் அது எத்தனை நாளாக இருக்கிறது என்பதும் வர வேண்டும், மற்றவை பின்னால். நாளைக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸில் நிற்கும்போது உன்னிடம் எதிர்பார்ப்பது இந்த ஐந்து வரியைத்தான்.

மாத்திரை பற்றிக் கேட்பது தனிக் கலை. "ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்றால் "ஒண்ணும் இல்ல" என்பார்கள். பிரஷருக்கும் சுகருக்கும் வருஷக்கணக்காகச் சாப்பிடுவதை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை. "பிரஷர் மாத்திரை? சுகர் மாத்திரை? ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை? நாட்டு மருந்து? மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கினது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பிறகு மாத்திரை அட்டையையே எடுத்து வரச் சொல். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை ஒருவர் சாப்பிடுவது ஆபரேஷன் மேசையில் தெரியவரக் கூடாது. ஆஞ்சியோவுக்கு வருபவர் மெட்ஃபார்மின் எடுக்கிறாரா என்பது டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் அதை நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். ஒவ்வாமை உண்டா என்று கேட்கும்போதும் அப்படித்தான். "ஊசி போட்டு எப்பவாவது உடம்பெல்லாம் தடிச்சிருக்கா, மூச்சு அடைச்சிருக்கா?" என்று கேட்டால் பதில் வரும்.

வெட்கப்பட்டு மறைக்கிற விஷயங்களும் உண்டு. மாதவிடாய், வெள்ளைப்படுதல், குடி, பீடி, மூலம். வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கேட்கும்படி இவற்றைக் கேட்காதே. திரையை இழு, நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் உட்கார், குரலைத் தாழ்த்து. கூட வந்திருக்கும் அட்டெண்டரைத் தண்ணீர் வாங்கி வர அனுப்பிவிட்டுக் கேட்டாலும் தப்பில்லை. "எவ்வளவு குடிப்பீங்க?" என்று நீ முகத்தைச் சுளிக்காமல் கேட்டால்தான் அவர் உண்மையைச் சொல்வார். குடியை மறைத்த ஒருவர் ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் கைநடுங்கிக் குழம்பும்போது, காரணம் தெரியாமல் எல்லோரும் தவிக்க நேரிடும்.

கையெழுத்தும் எண்ணும்

நீ எழுதியதை இன்னொருவர் படித்துத்தான் மருந்து கொடுக்கிறார். 0.5 என்று எழுத வேண்டிய இடத்தில் புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் இல்லாமல் விட்டால், புள்ளி மங்கி 5 ஆகிவிடும், பத்து மடங்கு. 5 என்று எழுத வேண்டிய இடத்தில் 5.0 என்று எழுதினால் 50 ஆகப் படிக்கப்படலாம். இன்சுலின் அளவு எழுதும்போது யூனிட் என்ற சொல்லை முழுதாக எழுது. முதலெழுத்தை மட்டும் போட்டால் அது பூஜ்யம் போலத் தெரிந்து 4 யூனிட் 40 ஆன சம்பவங்கள் உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கின்றன. மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் தெளிவாகப் பிரித்து எழுது. இரண்டுக்கும் இடையில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். இந்தப் பழக்கத்தை வார்டில் போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று விடாதே, இன்றே ஒரு நோட்டில் ஆரம்பி.

கணக்கு வராது என்று பயாலஜி எடுத்தவர்கள் நம்மில் அதிகம். இங்கே வேண்டிய கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்குதான், ஆனால் அது தப்பவே கூடாது. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 100 மில்லியில் 5 கிராம், ஆக 500 மில்லி பாட்டிலில் 25 கிராம். சாதாரண ட்ரிப் செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி. 500 மில்லியை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்றால் 500ஐ 20ஆல் பெருக்கி 240 நிமிஷத்தால் வகுத்தால் நிமிஷத்துக்கு சுமார் 42 சொட்டு. குழந்தைகளுக்குப் போடும் மைக்ரோ செட்டில் 60 சொட்டு சேர்ந்தால்தான் 1 மில்லி. இப்படி நாளுக்கு நாலு கணக்கு போட்டுப் பார். விகிதம், சதவீதம், அலகு மாற்றம் மூன்றும் கால்குலேட்டர் இல்லாமல் வந்தால் பார்மகாலஜி வகுப்பில் உனக்குப் பயமே இருக்காது.

டைப்பிங் கற்றுக்கொள். இது பலருக்குத் தோன்றாத யோசனை. இன்று கேஸ் ஷீட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் கம்ப்யூட்டரில்தான். ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தால், டிஸ்சார்ஜுக்காகக் காலையிலிருந்து பையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கும் குடும்பம் சாயங்காலம்தான் வீட்டுக்குப் போகும். நம் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இன்னமும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது இல்லையா, இந்த லீவில் தினமும் ஒரு மணி நேரம் போய் வா.

தமிழ் மீடியத்தில் படித்தோமே, ஆங்கிலம் வருமா என்ற பயம் உனக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கேஸ் ஷீட் ஆங்கிலத்துக்கு இலக்கிய ஆங்கிலம் தேவையில்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள், கடந்த காலம், சரியான ஸ்பெல்லிங், அவ்வளவுதான். மருத்துவப் பெயர்களை உடைத்துப் படி. கார்டியோ வந்தால் இதயம், நெஃப்ரோ வந்தால் சிறுநீரகம், ஹெபட்டோ வந்தால் கல்லீரல். பின்னால் ஐட்டிஸ் வந்தால் அழற்சி, எக்டமி வந்தால் வெட்டி எடுப்பது. முன்னால் டாக்கி வந்தால் வேகம், பிராடி வந்தால் மந்தம். இப்படி ஒரு நாற்பது துண்டுகள் கைவசம் இருந்தால் முன்பின் பார்க்காத சொல்லையும் ஊகித்துவிடலாம். ரவுண்ட்ஸில் பேசுவதற்கு, ஆச்சியைப் பற்றி எழுதிய அந்த ஐந்து வரியைக் கண்ணாடி முன் நின்று சத்தமாக வாசி. வாய் பழகியவர்களுக்கு அந்தப் பயம் ஒரு செமஸ்டர்கூடத் தாங்காது.

என்ன படிப்பது, என்ன வாங்குவது

படித்தே ஆக வேண்டும் என்றால் உன் பதினோராம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தை எடு. செரித்தல், சுவாசம், உடல் திரவங்களும் சுற்றோட்டமும், கழிவுநீக்கம், இயக்கம், நரம்புக் கட்டுப்பாடு, ஹார்மோன்கள் என்று அதில் இருப்பதுதான் முதல் வருஷ உடலியங்கியலின் எலும்புக்கூடு. தமிழ்ப் புத்தகத்தையும் ஆங்கிலப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. இதயத்தின் நான்கு அறைகளையும் வால்வுகளையும் பார்க்காமல் படம் போட வந்துவிட்டால் போதும். பெரிய மருத்துவப் புத்தகங்களை இப்போதே வாங்காதே. ராஸ் அண்ட் வில்சனோ, செம்புலிங்கம் தம்பதியின் உடலியங்கியல் புத்தகமோ, சௌராசியாவின் அனாடமியோ எது வேண்டும் என்று வகுப்பு ஆரம்பித்ததும் தெரியும். சீனியர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும்.

வாங்க வேண்டியது கொஞ்சம்தான். நொடிமுள் உள்ள கைக்கடிகாரம். முன்பக்கம் மூடிய, வழுக்காத, கழுவக்கூடிய செருப்பு அல்லது ஷூ. வெள்ளை கோட் குறைந்தது இரண்டு, அதை ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் போட்டுக்கொண்டு போகாதே. பாக்கெட் நோட்டு. ஸ்டெதஸ்கோப் நல்லதாக ஒன்று வாங்கலாம், ஆனால் முதல் வருஷத்திலேயே லிட்மேன்தான் வேண்டும் என்று அப்பாவைத் தொந்தரவு செய்யாதே. உள்ளூர்க் கம்பெனி ஸ்டெத்தில் கேட்கப் பழகிய காதுக்கு எதிலும் கேட்கும். வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் எல்லோருக்கும் பார்த்துப் பழகு. வந்ததும் கட்டாதே, ஐந்து நிமிஷம் உட்காரவை, முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது, கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும், அரை மணி நேரத்துக்குள் காபி குடித்திருக்கக் கூடாது. தாத்தாவின் நாடியை ஒரு முழு நிமிஷம் எண்ணு. 60 முதல் 100 வரை இயல்பு. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் தாளம் தவறுகிறதா என்று கவனி.

முதல் முறை பார்க்கும்போது

அனாடமி வகுப்பில் உடலைப் பார்க்கும் நாளிலும், முதல் ஆபரேஷனைப் பார்க்கும் நாளிலும் காலையில் கட்டாயம் சாப்பிட்டுவிட்டுப் போ. வாந்தி வருமே என்று பட்டினி போனால்தான் மயக்கம் வரும். முழங்காலை விறைப்பாக வைத்து நிற்காதே, கால்விரல்களை ஆட்டிக்கொண்டே இரு. காது அடைத்து, வியர்த்து, பார்வை மங்கினால் கூச்சப்படாமல் சுவரோரம் போய்த் தரையில் உட்கார்ந்துவிடு, பக்கத்தில் இருக்கும் சிஸ்டரிடம் சொல். மேசை மேல் சாய்ந்து விழுவதைவிட அது எவ்வளவோ மேல். ஃபார்மலின் கண்ணைக் கரிக்கும், அன்றைக்கு கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். தன் உடலை நமக்குப் படிக்கக் கொடுத்த ஒருவர் அங்கே படுத்திருக்கிறார். அந்த அறையில் சிரிப்பும் செல்ஃபியும் கூடாது, யார் செய்தாலும் நீ சேராதே.

தியேட்டரில் பச்சை, நீலத் துணி விரித்த எதையும் தொடாதே. தெரியாமல் பட்டுவிட்டால் உடனே சொல். திட்டு விழும், விழட்டும். நோயாளிக்குத் தொற்று வராது.

ஊசி குத்திக்கொண்டால் என்ன செய்வது என்பது உனக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். பிதுக்காதே, வாயில் வைக்காதே. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவு. உடனே டியூட்டி டாக்டரிடம் சொல். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். திட்டுவார்களோ என்று மறைத்து வைத்து மறுநாள் சொல்கிற பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும். பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாதே. 2016 விதிகளின்படி ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில், ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சளில், கையுறையும் ட்ரிப் டியூபும் ஊசி நீக்கிய சிரிஞ்சும் சிவப்பில், கண்ணாடி நீலத்தில். நீ தப்பான பையில் போடும் ஊசி, குப்பை கட்டும் அக்காவின் கையில்தான் குத்தும்.

அந்த அக்காக்களையும், வார்டு அண்ணன்களையும், சிஸ்டர்களையும் பெயர் தெரிந்து கூப்பிடு. பல வருஷம் வார்டில் இருக்கும் சிஸ்டருக்கு, ஒரு நோயாளி மோசமாகப் போகிறார் என்பது மானிட்டர் கத்துவதற்கு முன்னாலேயே தெரியும். "இவரு சரியில்லம்மா, பாரு" என்று ஒரு சிஸ்டர் சொன்னால் எழுந்து போய்ப் பார்.

எல்லை எங்கே

வெள்ளை கோட்டைப் போட்டதும் நோயாளிகள் உன்னை "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறையும் "நான் பிசிஷியன் அசிஸ்டென்ட் மாணவிம்மா, டாக்டர் வருவாங்க" என்று சொல். அலுப்பாக இருக்கும், ஆனாலும் சொல். அவர் யாரிடம் தன் உடம்பைக் காட்டுகிறார் என்று அறிய அவருக்கு உரிமை இருக்கிறது. மருந்தை முடிவு செய்வது டாக்டர். உனக்குத் தெரியாததைக் கேட்டால் "கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, மறக்காமல் கேட்டுச் சொல். ஊரில் பக்கத்து வீட்டு மாமா "என்ன ஆன்டிபயாடிக் போடலாம்மா?" என்று வருவார். பணிவாக மறுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பு. யார் வார்டில் இருக்கிறார், என்ன நோய் என்பதை அம்மாவிடம்கூடச் சொல்லாதே. ஒருவருக்கு எச்ஐவி இருப்பதை வெளியே சொல்வதை 2017ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. தியேட்டர் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கிற தோழியைத் தடுத்து நிறுத்து.

நோயாளியின் வீட்டுக்காரர்கள் உன்னிடம் அதிகம் கேட்கப் போவது நோயைப் பற்றி அல்ல, காசைப் பற்றி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவி உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான கவுன்டர் எங்கே, என்ன காகிதம் வேண்டும் என்று நீயே முதல் வாரம் போய்ப் பார்த்து வை. கலங்கி நிற்கும் ஒரு மனைவிக்கு அந்தக் கவுன்டர் வரை கூட நடந்து போவதும் உன் வேலைதான் என்று நினைத்துக்கொள்.

வேலை, வெளிநாடு

தமிழ்நாட்டில் இப்போது மூன்று வருஷப் படிப்பும் ஒரு வருஷப் பயிற்சியும்தான் வழக்கம். அந்தப் பயிற்சி வருஷம் எந்த ஆஸ்பத்திரியில், ஐசியூவும் கேத் லேபும் சுழற்சியில் வருமா, உதவித்தொகை உண்டா என்று இப்போதே சீனியர்களிடம் விசாரி. துணை மருத்துவ, சுகாதாரப் பணிகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இல் வந்தது. அதில் நம் பணி பிசிஷியன் அசோசியேட் என்ற பெயரில் பட்டியலில் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் பதிவு செய்துகொள்வது எப்படி என்பதைக் கல்லூரியில் கேட்டுத் தொடர்ந்து கவனித்து வா.

"இங்கே படித்தால் நேரே அமெரிக்கா" என்று யாராவது சொன்னால் நம்பாதே. அமெரிக்காவில் பிசிஷியன் அசிஸ்டென்ட்டாக வேலை செய்ய, அங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்து முடித்த பிறகே அவர்களின் தேசியத் தேர்வை எழுத முடியும். நம் பி.எஸ்சி. அதற்கு ஈடாகாது. அதைச் சொல்லிப் பணம் கேட்கும் ஏஜென்ட் வந்தால் அப்பாவை எனக்குப் போன் செய்யச் சொல். இங்கேயே இதயம், சிறுநீரகம், நரம்பு, புற்றுநோய், எலும்பு, எமர்ஜென்சி என்று எத்தனையோ பிரிவுகள் இருக்கின்றன. மேலே எம்.எஸ்சி., பொதுச் சுகாதாரம், ஆஸ்பத்திரி நிர்வாகம் என்றும் போகலாம். எந்தப் பிரிவு என்று இப்போது முடிவு செய்யாதே, எல்லா வார்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்.

ஹாஸ்டலில் முதல் மாதம் வீட்டு ஞாபகம் வரும். முதல் மரணத்தைப் பார்க்கும் நாளும் வரும். நீ காலையில் பேசி, நாடி பார்த்து, பேத்தி பெயரைக் கேட்டு வைத்திருந்த ஒருவர் மாலையில் இருக்க மாட்டார். அன்றைக்குத் தனியாக அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதே. கூட டியூட்டியில் இருந்தவரோடு உட்கார்ந்து டீ குடி, என்ன நடந்தது என்று பேசு. தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் நாட்கள் போனால் 104க்கோ, டெலி மானஸ் 14416க்கோ கூப்பிடு. இரண்டு எண்ணையும் இப்போதே போனில் சேமித்துக்கொள். என்னையும் கூப்பிடு. காலையில் தியேட்டரில் இருப்பேன், எடுக்க மாட்டேன். ஆறு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, ஆச்சியிடம் கேட்டு எழுதிய அந்த ஐந்து வரியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, திருத்தித் தருகிறேன்.